மருந்து பத்தேல்லை

'பத்தல' என்ற சொல்லை நான் லண்டன் டூட்டிங்கில்தான் படித்தேன். அங்கே ஒரு தோசைக்கடைச் சமையலறையில் ஐந்து வருடம் வேலை செய்தேன். முதல் நாளே சேலத்துப் பெண் ஒருத்தி சாம்பாரை உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்துவிட்டு, "அக்கா, உப்பு பத்தல" என்றாள். நான் அடுப்பைப் பார்த்தேன், உப்புப் பேணியைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். எங்கள் யாழ்ப்பாணத்தில் பத்துவது என்றால் நெருப்புப் பிடிப்பது. விறகு பத்தும், விளக்கு பத்தும். உப்பு எதற்காகப் பத்த வேண்டும்? பிறகு இன்னொருத்தி வந்து, உப்புக் காணாது என்கிறாள் என்று விளங்கப்படுத்தினாள். இந்தியாக்காரருக்குப் பத்தல என்றால் போதாது. அவ்வளவுதான் விஷயம்.

இந்த ஒரு சொல்லால் என் கணவரின் துவக்கைப் பொலிஸ் வந்து கொண்டுபோனது. துவக்கு என்றால் இந்தியாக்காரருக்குத் துப்பாக்கி. சொல் செய்தது பாதி, நான் செய்தது மீதிப் பாதி. இனி ஒளித்து என்ன, சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் கலாவதி. அவர் நித்தியானந்தன், வயது அறுபத்தொன்று, ஒரு சாமான் களஞ்சியத்தில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். லண்டனுக்கு வருமுன் இருபது வருடம் சுவிசில் இருந்தோம். பேர்ண் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கே பாதிச் சனம் தேவாலயத்துக்குப் போகும், மீதிச் சனம் குறி பார்த்துச் சுடப் போகும். தேவாலயத்துக்குப் போனால் சமயம் மாற்றிவிடுவார்கள் என்று பயந்து இவர் சுடப் போனார். ஊரோடு பழக வேறு வழி இல்லை என்றார். பழகினார், ஜெர்மன் பேசப் படித்தார், ஒரு வெள்ளிக் கிண்ணமும் வென்றார். ஒன்பது வருடத்துக்கு முன் மகள் தாரகாவின் படிப்புக்காக லண்டன் மோர்டனுக்குக் குடிவந்தபோது பனிச்சறுக்குப் பலகை, தோட்டக் கதிரை எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர், இந்தப் பழக்கத்தை மட்டும் கையோடு கொண்டுவந்தார்.

இந்த நாட்டில் கைத்துவக்கு வைத்திருக்கக் கூடாது. ஆனால் நீளம் கூடினால் பாதகமில்லையாம். அதனால் ஓரடி நீளக் குழலும், பிடிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு இரும்புத் தடியும் வைத்து றிவோல்வர் விற்கிறார்கள். முதல் முதல் அதைப் பார்த்தபோது, இதென்ன வால் முளைத்த துவக்கு என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வால் இல்லாவிட்டால் குற்றம், வால் இருந்தால் விளையாட்டு என்று சட்டம் படிப்பித்தார்.

எனக்கு அது வீட்டில் இருப்பது பிடிக்கவில்லை. வாலோடும் பிடிக்கவில்லை, வால் இல்லாமலும் பிடிக்கவில்லை. துவக்குச் சத்தம் கேட்டு மூன்று ஊர் ஓடி, பிறகு நாட்டை விட்டே ஓடியவள் நான். இன்றைக்கும் பக்கத்து வீட்டுக்காரன் குப்பைத்தொட்டி மூடியைப் போட்டு அடித்தால் என் கை தன்பாட்டில் காதைப் பொத்தும். துவக்கு வேண்டாம் என்று மட்டும் சொன்னால் இவர், "அங்கை எங்களைப் பாத்துச் சுட்டாங்கள். இஞ்சை நான் கடதாசியைப் பாத்துச் சுடுறன். இதுதான் கலா சமாதானம்" என்பார். இப்படிக் கதைப்பவரோடு என்ன வாதாடுவது?

துவக்கை இரும்பு அலுமாரியில் பூட்டி, அலுமாரியைச் செங்கல் சுவரில் ஆணி இறுக்கி வைக்க வேண்டும் என்று பொலிசின் நிபந்தனை. எங்கள் வீட்டில் அந்த ஆணியைத் தாங்கக்கூடிய செங்கல் சுவர் பின்னறையில் ஒன்றுதான். அந்தச் சுவரில்தான் என் சாமித்தட்டு இருக்கிறது. ஆகவே பிள்ளையார், சரஸ்வதி, முருகன், இரும்பு அலுமாரி என்று வரிசையாக நின்றார்கள். அலுமாரியைப் பூட்டுகிற திறப்பு எங்கே என்று மனைவிக்கும் சொல்லக் கூடாதாம். முப்பத்துநாலு வருடக் குடும்பத்தில் இவர் பொலிசுக்குக் காட்டிய விசுவாசத்தில் கால்வாசியை எனக்குக் காட்டியிருந்தால் நான் எங்கேயோ இருந்திருப்பேன்.

கடைத் தோட்டாவில் அவருக்கு நம்பிக்கை இல்லை. சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிவந்து, பின்னறை மேசையில் இருந்து தானே மறுபடி மருந்து, அதாவது வெடிமருந்து, போட்டு அடைப்பார். ஒவ்வொரு கோதின் அடியிலும் புதிதாக ஒரு குட்டிப் பித்தளைத் தொப்பி வைக்க வேண்டும். துவக்கின் சுத்தியல் அதில் அடிக்க அது பொறி தட்டும், பொறியில் மருந்து பத்தும், குண்டு போகும். அந்தத் தொப்பிக்குப் புத்தகத்தில் பிறைமர் என்று பெயர். இவர் கேப் என்பார். தீபாவளிக்குப் பிள்ளைகள் சுடும் பொம்மைத் துவக்கின் கேப்பும் இதுவும் தூரத்துச் சொந்தமாம். துவக்குக்குத்தான் அலுமாரி. கேப்புகள் மேசையில் ஒரு பலகைப் பெட்டியில், தட்டுத் தட்டாக, பூட்டில்லாமல் இருந்தன.

போன ஒக்டோபரில் ஆயுதபூசை வந்தது. வழமைபோலத் தையல் மெஷின், கிறைண்டர், அவருடைய வேலைச் சப்பாத்து, எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தேன். வைத்துக்கொண்டு வரும்போது இரும்பு அலுமாரிக்கு முன்னால் நின்றுவிட்டேன். லண்டனில் எத்தனையோ தமிழ் வீடுகளில் ஆயுதபூசை நடக்கிறது. உண்மையான ஆயுதம் எத்தனை வீட்டில் இருக்கிறது? விட்டால் குறையாகிவிடும் என்று அலுமாரிக் கதவுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். பிறகு மேசைக்கு வந்து கேப் பெட்டியைத் திறந்தேன். மூடின பெட்டிக்குச் செய்கிற பூசை உள்ளே போகுமா என்ன? மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தொட்டு மூன்று தரம் தெளித்தேன். தெளித்துக்கொண்டே கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

என்ன கும்பிட்டேன் என்பதுதான் முக்கியம். பிள்ளையாரே, இது வெடிக்கக்கூடாது என்று கும்பிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை இவர் சுடப் போகிற கழகத்திலிருந்து முகம் தொங்கிப்போய் வந்தார். ஆறு தோட்டாவில் இரண்டு வெடிக்கவில்லையாம். சுத்தியல் விழுந்து டக் என்ற சத்தத்தோடு சரியாம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஊரில் என் தம்பிக்கு வீசா கிடைக்க வேண்டும் என்று பதினொரு வருடம் கேட்டேன், பிள்ளையார் திரும்பியும் பார்க்கவில்லை. இதற்கு ஒரு கிழமையில் பதில் தந்துவிட்டார். பலன் தெரிந்தபிறகு விடுவேனா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், அவர் வேலைக்குப் போனபிறகு, சாமிக்குப் பூ வைத்த கையோடு கேப் பெட்டியையும் திறந்து மஞ்சள் தெளித்துக் கும்பிட்டேன்.

அவர் கேப்பை மாற்றிக்கொண்டே இருந்தார். சிவப்புப் பெட்டியில் வந்த கேப்பை விட்டு நீலப் பெட்டிக்குப் போனார், நீலத்தை விட்டுப் பச்சைக்கு. கழகத்தில் வைகாசிப் போட்டிக்கு நாலு பேரைத் தெரிவு செய்ய இருந்தார்கள். சுத்தியலைத் திருப்பி அடித்தும் ஒரு தோட்டா பத்தாமல் போனாலே ஆள் வெளியே. அந்த நாலு பேருக்குள் வருவது ஒன்றுதான் இந்த மனுஷனுக்கு வாழ்க்கையில் மிஞ்சியிருந்த ஆசை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் தெளித்தேன். சாப்பாட்டு மேசையில் புட்டைப் பிசைந்தபடி கேப்பின் தகடு மெல்லிசா தடிப்பா, சுத்தியலின் வில்லு இளக்கமா இறுக்கமா என்று விரிவுரை நடத்துவார். நான் தலையாட்டிக்கொண்டு சம்பல் போடுவேன்.

தை மாதம் அவருடைய துவக்குச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. அதற்கு டொக்டர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், ஆளுக்கு மனநோய், போதைப் பழக்கம் ஒன்றும் இல்லை என்று. டொக்டர் போனில் எடுத்தார். இவருக்கு ஜெர்மன் ஓடும், இங்கிலீஸ் நொண்டும். குடும்பத்தவர் மொழிபெயர்க்கக் கூடாது என்று ஒரு மொழிபெயர்ப்புப் பிள்ளையையும் இணைப்பில் சேர்த்தார்கள். பிள்ளை வணக்கம் சொன்ன விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்தியாப் பிள்ளை. இவர் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். நான் பக்கத்தில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தேன்.

சமீபத்தில் ஏதாவது கவலை உண்டா என்று டொக்டர் கேட்டார். பிள்ளை அதைத் தமிழில் கேட்டது. சுவிசில் இருபது வருடம் இருந்தவரல்லவா, கேட்டால் உண்மையைச் சொல்லுவார்.

"வேறை கவலை ஒண்டுமில்லை. மருந்து பத்தேல்லை. அதுதான் கவலை."

"மருந்து பத்தலைன்னு சொல்றீங்களா ஐயா?"

"ஓம், பத்தேல்லை. ஆறு போட்டா ஒண்டு ரெண்டு பத்துதில்லை."

"ஆறு போடுறீங்களா?"

"ஆறுதான் போடலாம். அதுக்கு மேலை இடமில்லை."

என் கையில் பயற்றங்காய் அப்படியே நின்றது. பிள்ளை இங்கிலீசில் சொல்வதைக் கேட்டேன்: இவருக்கு மருந்து போதவில்லையாம், ஆறு எடுத்தும் காணவில்லையாம். என்ன மருந்து என்று டொக்டர் கேட்டார். அவருடைய கணினியில் இவருக்கு ஒரு மருந்தும் இல்லை.

"அது நானே வீட்டிலை செய்யிறது. பின்னறையிலை. அளந்து போட்டு, கேப் வைச்சு."

"கேப்சூலா ஐயா?"

"ஓம், கேப். முப்பது வருசமாச் செய்யிறன்."

"பத்தலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"முப்பது செக்கன் ஆடாமல் பிடிச்சுக்கொண்டு நிப்பன். பிறகு திருப்பி அடிப்பன்."

திருப்பி அடிப்பன் என்றதை ஆளை அடிப்பதாகப் பிள்ளை மொழிபெயர்த்தது, டொக்டர் கணினியில் தட்டுகிற சத்தம் கேட்டது. பாவம், அந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. கேட்டதைக் கேட்டபடி சொன்னது. முழுப்பிழை எங்கே என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான். ஒரு வசனம், பிள்ளை அது வெடிமருந்து என்று ஒரே ஒரு வசனம் நான் சொல்லியிருந்தால் காரியம் அதோடு முடிந்திருக்கும். நான் வாயை மூடிக்கொண்டு பயற்றங்காயைத் தொடர்ந்து முறித்தேன். பிள்ளையார் வழி திறக்கிறார் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

மாசி முதல் கிழமை பொலிசில் இருந்து எட்வேட் என்ற உத்தியோகத்தர் வந்தார். உயரமான, பயபக்தியான வெள்ளைக்காரர். சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். விசாரணை முடியும் வரை துவக்கைத் தாங்கள் பாதுகாப்பாக வைத்திருப்பதாகச் சொல்லி, துவக்கு, மருந்துப் பேணி, கேப் பெட்டி, இவருடைய குறிப்புக் கொப்பி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். இவர் ஒரு சொல் எதிர்த்துப் பேசவில்லை. பையைக் கார் வரை தானே தூக்கிக்கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

டொக்டர் விட்ட பாடில்லை. ஆளைக் கூப்பிட்டு இரத்தம் எடுத்தார். நூறில் இருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். இவர் ஜெர்மனில் கழித்துக் காட்டினார். கடைசியில், பக்கத்து ஊரான சட்டனில் ஒரு மண்டபத்தில் புதன்கிழமை தோறும் நடக்கும் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். போதைப் பழக்கத்தை விடுகிறவர்களின் கூட்டம் அது. முழங்கால் நோவுக்குப் பதினொரு மாதம் காத்திருந்த மனுஷனுக்கு, இல்லாத நோய்க்கு ஒன்பதாம் நாளே இடம் கிடைத்தது.

முதல் புதன் போய்விட்டு வந்தவர் மனம் நெகிழ்ந்துபோய் இருந்தார். வட்டமாகக் கதிரை போட்டிருந்தார்களாம். ஒவ்வொருவராக எழும்பி, தாங்கள் அதைத் தொட்டு எத்தனை நாள் என்று சொன்னார்களாம். இவருக்கு விளங்கிய அரை இங்கிலீசில், எல்லாருமே துவக்குப் பறிகொடுத்தவர்கள் என்று முடிவுகட்டிவிட்டார்.

"பாவம் கலா. ஒரு பெடியன்ரை துவக்கை எடுத்து ரெண்டு வருசமாம். இப்பவும் கை நடுங்குதாம். இன்னொரு மனிசி ஏழு வருசமாத் தொடேல்லையாம், ஆனால் ஒவ்வொரு நாளும் நினைப்பு வருமாம்."

நான் சிரிப்பை அடக்க அடுப்படிக்குள் ஓடினேன். இரண்டாம் புதன் இவரும் எழும்பிப் பேசினாராம். தான் வீட்டிலேயே செய்வது, முப்பது வருடப் பழக்கம், இப்போது பத்தொன்பது நாளாகத் தொடவில்லை என்றாராம். மண்டபம் முழுக்கக் கைதட்டியதாம். ஒருவர் கட்டிப்பிடித்து அழுதாராம். மூன்றாம் புதன் அவர்களுக்கு என்று என்னைக்கொண்டு அறுபது உளுந்து வடை சுடுவித்துக் கொண்டுபோனார். முப்பது நாள் நிறைந்ததற்கு ஒரு தகட்டுப் பதக்கம் கொடுத்தார்கள். அதைத் திறப்புக்கோவையில் மாட்டிக்கொண்டார். சுவிஸ் வெள்ளிக் கிண்ணத்துக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த முதல் பரிசு அதுதான்.

பிறகு சிரிப்பு நின்றுபோனது. சனிக்கிழமைகளில் இவர் வெளியே போகவில்லை. பின்னறையில், வெறும் இரும்பு அலுமாரிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். அலுமாரிக் கதவு ஆவென்று திறந்துகிடக்கும். சாப்பிடும்போது கேப் பற்றிப் பேசுவதில்லை. புட்டைப் பிசைகிற சத்தம் மட்டும் கேட்கும். ஒருநாள் தலையைக் குனிந்தபடி, "விட்டிடலாம் எண்டு நினைக்கிறன் கலா. அங்கை எல்லாரும் விட்டிட்டுத்தானே இருக்கினம்" என்றார்.

ஒன்பது வருடமாக அந்த வார்த்தைக்குத்தான் தவம் கிடந்தேன். அது வந்த அன்று என் தட்டுப் புட்டைக் குப்பையில் கொட்டினேன். வீட்டிலிருந்து துவக்குப் போகட்டும் என்றுதான் கேட்டேன். மனுஷனையும் சேர்த்துக் கொண்டுபோகச் சொல்லி நான் கேட்கவில்லை.

பங்குனி நடுவில் ஒரு புதன் பின்னேரம் எட்வேட் மறுபடி வந்தார். இவர் கூட்டத்துக்குப் போயிருந்தார். வீட்டுக்காரியைத் தனியாக விசாரிப்பது வழமையாம். நாளைக்குத் தன் அறிக்கையைக் கொடுக்க வேண்டும் என்றார். சான்றிதழை ஒருமுறை மறுத்துவிட்டால் இந்த வயதில் இனிக் கிடைப்பது கஷ்டம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். போனில் மொழிபெயர்ப்பாளரை எடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டி, எனக்குத் தெரிந்த இங்கிலீஸ் பத்தும் என்று தமிழில் சொல்ல வாயெடுத்து, நாக்கைக் கடித்து, காணும் என்று மாற்றிச் சொன்னேன். தமிழ் தெரியாத அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

எட்வேட் பையில் இருந்து இவருடைய கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். எல்லாம் தமிழில் இருக்கிறது, இதில் இவர் எடுக்கும் மருந்தின் விபரம் இருக்குமோ என்று தனக்குச் சந்தேகம், கொஞ்சம் வாசித்துச் சொல்ல முடியுமா என்றார். அந்தக் கொப்பியை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன்.

'ஒக்டோபர். சிவப்புப் பெட்டி. ஆறில் இரண்டு பத்தேல்லை. கேப்பின் உள்ளே மஞ்சள் கறை. மணந்து பார்த்தேன். சமையல் மஞ்சள்தான்.'

அதற்குக் கீழே: 'நவம்பர். நீலப் பெட்டி. வெள்ளிக்கிழமைக்கு முதல் எடுத்து ஒளித்து வைத்தது ஆறும் பத்தினது. வெள்ளிப் பூசைக்குப் பிறகு எடுத்தது ஆறில் மூன்று.'

அதற்குக் கீழே: 'டிசம்பர். பச்சைப் பெட்டி. பூசைக்குப் பிறகும் ஆறில் ஐந்து. கெட்டிக்காரக் கேப்.'

என் குரல் இறங்கிக்கொண்டே போனது. எட்வேட் பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார். கடைசிப் பக்கத்தில் பெட்டியின் நிறம் எதுவும் இல்லை. அவருடைய குண்டுக் கையெழுத்தில் நாலு வரி மட்டும் இருந்தது.

'கலா முப்பத்துநாலு வருசத்தில் இப்பதான் என்ரை சாமானுக்கு ஒரு பொட்டு வைச்சிருக்கிறா. ஒவ்வொரு கிழமையும் எனக்காகக் கும்பிடுறா. நிப்பாட்டச் சொல்ல மனம் வரேல்லை. பூசையைத் தாங்கிற கேப் ஒண்டு எங்கையாவது இருக்கும், தேடுவம்.'

கொப்பியை மூடிவிட்டு அழுதேன். பாவம் எட்வேட், இது மருந்தைப் பற்றிய அழுகை என்று நினைத்து டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் மூக்கைச் சீறிவிட்டு எழும்பி, அடுப்படியில் இருந்து நெருப்புப்பெட்டியும் உப்புப் பேணியும் கொண்டுவந்தேன். ஒரு குச்சியைத் தட்டிப் பிடித்து, யாழ்ப்பாணத்தில் இதற்குத்தான் பத்துவது என்று பெயர் என்றேன். உப்பில் ஒரு கல்லை எடுத்து மேசையில் வைத்து, சேலத்தில் இதற்குப் பத்தல என்று பெயர் என்றேன். மருந்து என்பது விழுங்குகிற குளிசையும்தான், துவக்குக்குள் போடுவதும்தான் என்றேன். என் கணவர் எடுத்த ஒரே மருந்து தடிமன், தும்மலுக்குக் கொத்தமல்லித் தண்ணி என்றேன். அந்த அழைப்பில் நான் பக்கத்தில் இருந்தேன், பிழை என்று தெரிந்தும் பேசாமல் இருந்தேன் என்றும் சொன்னேன். வெடிக்கக் கூடாது என்று கும்பிட்டதையும் ஒளிக்கவில்லை.

எட்வேட் சிரிக்கவில்லை. நாலு பக்கம் எழுதினார். மஞ்சளுக்கு எழுத்துக்கூட்டல் கேட்டார். மாவிலை எத்தனை அங்குலம் என்று கேட்டார். கடைசியாக, கேப் பெட்டி ஏன் பூட்டாமல் இருந்தது என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார்.

இவர் வடைச் சட்டியோடு வீட்டுக்கு வந்ததும், சப்பாத்துக் கழற்ற முன்னமே வாசலில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கூட்டம் எதற்கான கூட்டம் என்று சொன்னபோது மட்டும் திறப்புக்கோவையை எடுத்து அந்தப் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் உங்களுக்காக எண்டு கும்பிடேல்லையப்பா. வெடிக்கக்கூடாது எண்டுதான் கும்பிட்டனான். எனக்கு அந்தச் சத்தம் தாங்க ஏலாது. இப்பவும் ஏலாது."

அவர் வாசல் கதிரையில் இருந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தார்.

"எல்லாக் கேப்புக்குமோ கும்பிட்டனீர்?"

"ஓம், எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும் கும்பிட்டும் பச்சை ஆறிலை அஞ்சு வெடிச்சதே? அப்ப அது நல்ல கேப்தான்."

இந்த மனுஷனோடு நான் எப்படிக் கோபிப்பது, எப்படி மன்னிப்புக் கேட்பது? வடைச் சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். பின்னால் வந்து, என் தோளைத் தொட்டு, ஏலாது என்று ஒருநாளும் இப்படிச் சொல்லவில்லையே என்றார். ஒன்பது வருடம் வால், சட்டம், அலுமாரி என்று சண்டை பிடித்தேனே தவிர, பயமாக இருக்கிறது என்று நான் சொன்னதே இல்லை. அன்றைக்குத்தான் எனக்கும் அது தெரிந்தது.

சித்திரையில் சான்றிதழ் புதுப்பித்து வந்தது, துவக்கும் கேப் பெட்டியும் வந்தன. கூடவே ஒரு கடிதம், கேப்புகளைப் பூட்டிய பெட்டியில் வைக்கவும், சமயச் சடங்குகளைப் பெட்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளவும், திரவங்களைத் தவிர்க்கவும் என்று. இவர் அதைச் சட்டம் போட்டுப் பின்னறையில் சரஸ்வதிக்குக் கீழே மாட்டினார். புதன்கிழமைக் கூட்டத்துக்கு இப்போதும் போகிறார். பழக்கம் இல்லாவிட்டாலும் வரலாம் என்று சொல்லிவிட்டார்களாம், வடைக்காக.

கழகத்தில் ஆள் தெரிவு செய்கிற சனிக்கிழமை, நானும் வாறன் என்றேன். இவர் நம்பாமல் இரண்டு தரம் கேட்டார். போகும் வழியில் காரில் வைத்து, ஐந்து தோட்டாவுக்குப் புதுக் கேப் போட்டிருப்பதாகவும், ஆறாவதற்கு என் பூசையில் நனைந்த பழைய பச்சையில் ஒன்றைப் போட்டிருப்பதாகவும் சொன்னார். உங்களுக்கென்ன விசரா, இன்றைக்கல்லவோ தெரிவு என்று ஏசினேன். அதையும் தாங்கினால்தான் அது கேப் என்றார்.

காதுக்கு மேலே ஒரு பெரிய பொத்தியை மாட்டி என்னைப் பின்னால் கதிரையில் இருத்தினார்கள். பொத்திக்கு மேலே என் இரண்டு கையையும் வைத்து இறுக்கிக்கொண்டேன். முதல் சத்தம் நெஞ்சுக்குள் விழுந்தது. இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஒவ்வொன்றுக்கும் கதிரையில் இருந்து எழும்பி எழும்பி இருந்தேன். கதவு எந்தப் பக்கம் என்று கண் தானாகத் தேடியது. ஆறாவது வரவில்லை. சுத்தியல் விழுந்தது, அவ்வளவுதான்.

அவர் அசையவில்லை. குழலை மண்மேட்டுப் பக்கம் நீட்டியபடி ஆடாமல் நின்றார். பத்தாத தோட்டா பிந்தியும் வெடிக்கலாம் என்று கழக விதி, முப்பது செக்கன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்கள் பெயர் எழுதுகிற தாளைப் பார்த்தார்கள். அவருடைய பின்கழுத்தில் வியர்வை இறங்குவது எனக்குத் தெரிந்தது. நான் காதில் இருந்து கையை எடுத்துக் கும்பிட்டேன். பிள்ளையாரே, பத்தட்டும் என்றேன்.

அவர் திருப்பி அடித்தார். அது வெடித்தது.

கடதாசியில் எங்கே பட்டது என்று அவர் பார்க்கவில்லை. திரும்பி என்னைத்தான் பார்த்தார். நான் கதிரையிலேயே இருந்தேன். அந்தச் சத்தத்துக்கு நான் ஓடவில்லை.